பஸ்ஸை ஜப்தி பண்ணிட்டாங்க! - ஒரு நஷ்ட ஈட்டுக் கதை

தமிழ்நாட்டுல பேப்பர் படிக்கிற எல்லாருக்கும் இந்தச் செய்தி பழக்கமானதுதான். பஸ் ஸ்டாண்டுல நிக்கிற அரசு பஸ்ல கோர்ட் அமீனா ஏறி, "எல்லாரும் இறங்குங்க, வண்டி ஜப்தி"ன்னு நோட்டீஸ் ஒட்டுவார். மூட்டை முடிச்சோட ஜனங்க இறங்கும். டிரைவரும் கண்டக்டரும் முழிப்பாங்க. கொஞ்ச நேரத்துல அந்த பஸ் கோர்ட் வளாகத்துல வேப்ப மரத்தடியில நிக்கும். விபத்துல செத்தவர் குடும்பத்துக்குக் கொடுக்க வேண்டிய நஷ்ட ஈட்டைப் போக்குவரத்துக் கழகம் கட்டலைன்னு ரெண்டு பத்தி நியூஸ் வரும். நாமளும் அடுத்த பக்கத்துக்குப் போயிடுவோம்.

நான் கொஞ்சம் நின்னு யோசிச்சேன். ஒரு உசுருக்கு இவ்வளவுன்னு யார் கணக்குப் போடுறாங்க? எப்ப இருந்து போடுறாங்க? எங்க தெருவுல ரிட்டயர்டு வக்கீல் குமாஸ்தா ஒருத்தர் இருக்கார், பாதி அவர் வாயைக் கிளறித் தெரிஞ்சுகிட்டது. மீதி பழைய தீர்ப்புகளைப் புரட்டினதுல கிடைச்சது. படிக்கப் படிக்க, நம்ம ஊர் பஸ் ஜப்திக்கு ஒரு பெரிய கொள்ளுத்தாத்தாவே இருக்கிறது தெரிஞ்சது.

இங்கிலாந்துல ரொம்ப பழைய வழக்கம் ஒண்ணு இருந்துச்சு, பேரு டியோடாண்ட். வண்டி ஏறியோ, குதிரை உதைச்சோ, மரம் விழுந்தோ ஒரு ஆள் செத்தா, அந்த வண்டியோ குதிரையோ மரமோதான் குற்றவாளி. அதுக்கு ஜூரி ஒரு விலை போடும், அந்தப் பணம் ராஜாவுக்குப் போகும். கவனிங்க, செத்தவன் பொண்டாட்டி பிள்ளைக்கு இல்ல, ராஜாவுக்கு! மாட்டு வண்டி காலத்துல இதை யாரும் பெருசா எடுத்துக்கல. ரயில் வந்ததும் சிக்கல் ஆயிடுச்சு. 1841 கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் சோனிங்ங்கிற இடத்துல மண் சரிஞ்சு ரயில் கவிழ்ந்து 9 பேர் செத்துப் போனாங்க. ஜூரி இஞ்சினுக்கும் பெட்டிகளுக்கும் சேர்த்து 1,000 பவுண்டுன்னு விலை போட்டுச்சு. ரயில் கம்பெனிக்காரங்க அலறிட்டாங்க.

சரி, குடும்பத்துக்கு என்ன கிடைச்சது? ஒண்ணும் இல்லை. 1808-ல பேக்கர் எதிர் போல்டன்னு ஒரு வழக்கு. குதிரை கோச்சு கவிழ்ந்து ஒருத்தரோட மனைவிக்கு பலத்த அடி, ஒரு மாசம் ஆஸ்பத்திரியில கிடந்து இறந்துட்டாங்க. புருஷன் வழக்கு போட்டார். எல்லன்பரோ பிரபு சொன்ன தீர்ப்பு என்ன தெரியுமா? அவங்க உயிரோட இருந்த அந்த ஒரு மாசத்துக்கு வேணா நஷ்ட ஈடு உண்டு, செத்த நிமிஷத்தோட கணக்கு முடிஞ்சுது, ஒரு மனுஷனோட சாவு சிவில் கோர்ட்டுல நஷ்டமாகவே ஆகாது. ஆக, காலை உடைச்சா காசு கொடுக்கணும். ஆளையே கொன்னுட்டா இலவசம். கோச்சு கம்பெனிக்காரனுக்கு ஆள் பிழைக்காம இருக்கிறதே லாபம்! இந்தக் கூத்து கிட்டத்தட்ட 40 வருஷம் ஓடிச்சு.

1846-ல கேம்பெல் பிரபு ரெண்டு மசோதா கொண்டு வந்தார். ஒண்ணு டியோடாண்டை ஒழிச்சது. இன்னொண்ணு, செத்தவரை நம்பி இருந்த குடும்பம் நஷ்ட ஈடு கேக்கலாம்னு சொன்னது. ராஜாவுக்குப் போன காசு விதவைக்குத் திரும்பின வருஷம்னு வச்சுக்கலாம். அதை அப்படியே காப்பி அடிச்சு 1855-ல நம்ம ஊருக்கும் ஒரு சட்டம் வந்தது, கொடிய விபத்துகள் சட்டம். தென்னிந்தியாவோட முதல் ரயில் ராயபுரத்துல இருந்து வாலாஜா ரோடுக்குப் புறப்பட்டது 1856 ஜூலை 1-ந் தேதி. அதாவது ரயில் வர்றதுக்கு முன்னாடியே ரயில்ல சாகறதுக்கான சட்டம் வந்துடுச்சு. வெள்ளைக்காரன் முன்யோசனையே தனிதான் :-)

ஆனா சட்டம் புத்தகத்துல இருந்தா போதுமா? சாதாரண சிவில் வழக்கா போடணும், கேக்குற தொகைக்கு ஏத்த மாதிரி கோர்ட் ஃபீஸ் கட்டணும். சம்பாதிக்கிற ஆளே போன வீட்டுல கோர்ட் ஃபீஸுக்கு எங்க போறது?

இதுக்கு நம்ம பக்கத்து வழக்கு ஒண்ணு இருக்கு, வக்கீல்கள் இன்னிக்கும் மேற்கோள் காட்டுறது. 1947 செப்டம்பர் 20. சுதந்திரம் வந்து முழுசா ரெண்டு மாசம்கூட ஆகல. தாராபுரத்துல இருந்து பழனிக்குப் போன கோபால்டு மோட்டார் சர்வீஸ் பஸ், புளியம்பட்டிங்கிற இடத்துல விபத்துக்குள்ளாச்சு. தம்பியோட பயணம் பண்ணிக்கிட்டிருந்த ஒருத்தர் மூணு நாள் கழிச்சு இறந்துட்டார். குடும்பம் வழக்கு போட்டுச்சு. கீழ்க்கோர்ட், சென்னை உயர்நீதிமன்றம், அப்புறம் டெல்லி. கே.சுப்பாராவ் எழுதின உச்சநீதிமன்றத் தீர்ப்பு வந்தது 1961-ல. குடும்பம் இழந்த வருமானத்துக்கு 25,200 ரூபாய், அவரோட ஆயுள் குறைஞ்சதுக்காக 5,000 ரூபாய். விபத்து நடந்தப்ப கைக்குழந்தையா இருந்த பிள்ளை தீர்ப்பு வர்றப்ப ஒன்பதாங்கிளாஸ் போயிருக்கும். குடும்பம் இழந்தது வேற, செத்தவரோட சொத்துக்கணக்குல இழப்பு வேற, ஒரே நஷ்டத்தை ரெண்டு தடவை எண்ணக்கூடாதுன்னு அந்தத் தீர்ப்பு தெளிவாச் சொன்னது. அதுக்காகத்தான் இன்னிக்கும் அதைப் படிக்கிறாங்க. எனக்கு மனசுல நின்னது அந்த 14 வருஷம்தான்.

இதுக்கு நடுவுல ரெண்டு நல்ல காரியம் நடந்தது. 1939 மோட்டார் வாகனச் சட்டத்துல இருந்த கட்டாய இன்ஷூரன்ஸ் 1946 ஜூலையில நடைமுறைக்கு வந்தது. வண்டி வச்சிருக்கிறவன் ஓட்டாண்டியா இருந்தாலும் அவனுக்குப் பின்னாடி ஒரு கம்பெனி நிக்கும். அடுத்தது 1956-ல வந்த திருத்தம். விபத்து வழக்குக்குன்னே தனி தீர்ப்பாயம், சிவில் வழக்கோட ஒப்பிட்டா ரொம்பக் கம்மியான செலவு. இன்னிக்கு நம்ம மாவட்டக் கோர்ட்டுகள்ல எம்.சி.ஓ.பி.ன்னு நம்பர் போட்டு ஓடுற அத்தனை கேஸுக்கும் விதை அதுதான். ஆனா 60 நாளுக்குள்ள மனு போடணும்னு ஒரு கெடு வச்சிருந்தாங்க. காரியம் முடிஞ்சு வீட்டுக்கு வெள்ளை அடிக்கிறதுக்குள்ள கெடு போயிடும். அப்புறம் அதை 6 மாசமாக்கினாங்க.

இப்ப நம்ம குமாஸ்தாகிட்ட வருவோம். கோர்ட்டுல பேசுறது வக்கீல்தான். ஆனா ஆக்சிடென்ட் கேஸ் ஜெயிக்கிறதும் தோக்கிறதும் கேஸ் கட்டுலன்னு அவர் சொல்வார். அந்தக் கட்டை உருவாக்குறது குமாஸ்தா. போலீஸ் ஸ்டேஷன்ல எஃப்.ஐ.ஆர். நகல், சம்பவ இடத்தோட மாதிரி வரைபடம், மோட்டார் வாகன ஆய்வாளர் ரிப்போர்ட். ஆஸ்பத்திரியில காயச் சான்றிதழ், டிஸ்சார்ஜ் சம்மரி, மருந்துக் கடை பில் ஒண்ணு விடாம. இறந்துட்டா பிரேத பரிசோதனை சர்டிபிகேட், தாலுகா ஆபீஸ்ல வாரிசு சான்றிதழ். வண்டியோட இன்ஷூரன்ஸ் பாலிசி நம்பர். இதெல்லாம் சேர்த்து மனு போட்டா, ஏதாவது ஒண்ணு குறையுதுன்னு ரிட்டர்ன் ஆகி வரும். சரி பண்ணி மறுபடி போடணும். நம்பர் ஆன பிறகு பேட்டா கட்டி நோட்டீஸ் அனுப்பணும். ஒவ்வொரு வாய்தாவையும் டைரியில எழுதி, கட்சிக்காரரை ஞாபகமாக் கூட்டிட்டு வரணும். இத்தனைக்கும் தீர்ப்புல எங்கயும் குமாஸ்தா பேர் வராது.

அவர் கட்சிக்காரங்ககிட்ட மொதல்ல கேக்குறது ஸ்கூல் சர்டிபிகேட்டாம். "ஏன் சார், செத்தவருக்கு எதுக்கு ஸ்கூல் சர்டிபிகேட்?"னு நான் கேட்டேன். சிரிச்சுட்டு ஒரு பேப்பரை எடுத்துக் கணக்குப் போட்டுக் காமிச்சார். அதை அப்படியே தர்றேன்.

கற்பனையா ஒரு லாரி டிரைவர்னு வச்சுக்கோங்க. வயசு 32. மாசம் 12,000 ரூபாய் வருமானம். மனைவி, ரெண்டு குழந்தை, அம்மா. வருஷத்துக்கு 1,44,000. வருங்காலத்துல வருமானம் கூடி இருக்கும் இல்லையா, அதுக்கு 40 சதவீதம் சேர்க்கணும் (சொந்தத் தொழில், நிரந்தரம் இல்லாத வேலைன்னா 40 வயசுக்குக் கீழ இதுதான் அளவு, நிரந்தர வேலைன்னா 50 சதவீதம்). ஆச்சு 2,01,600. அவர் உயிரோட இருந்தா தனக்கும் கொஞ்சம் செலவழிச்சிருப்பார், டீ, பீடி, சட்டை, செருப்பு. அவரை நம்பி நாலு பேர்ங்கிறதால அதுல கால் பங்கு கழிக்கணும். மிச்சம் 1,51,200. இதை 16-ஆல பெருக்கணும், 31-ல இருந்து 35 வயசுக்கு அதுதான் பெருக்கி. 24,19,200 ரூபாய். இதுக்கு மேல ஈமச் செலவு 15,000, சொத்து இழப்பு 15,000, துணையை இழந்ததுக்கு 40,000. இந்தத் துணை இழப்பு மனைவிக்கு மட்டும் இல்ல, பிள்ளைகளுக்கும் அம்மாவுக்கும் தனித்தனியா உண்டுன்னு 2018-ல உச்சநீதிமன்றம் சொல்லியிருக்கு. ஆக மொத்தம் 26,09,200. கடைசி மூணு தொகையும் 2017-ல வச்ச அளவு, மூணு வருஷத்துக்கு ஒரு தடவை 10 சதவீதம் ஏத்திக்கணும்.

இப்ப அந்த டிரைவருக்கு 35 இல்ல, 36-ன்னு ஏதோ ஒரு காகிதத்துல இருந்துச்சுன்னா? பெருக்கி 16-ல இருந்து 15 ஆயிடும். ஒரே வயசுக்கு 1,51,200 ரூபாய் போச்சு! பிரேத பரிசோதனை ரிப்போர்ட்ல டாக்டர் குத்துமதிப்பா வயசு எழுதியிருப்பார். ஸ்கூல் சர்டிபிகேட் கையில இருந்தா அந்தக் குத்துமதிப்புக்கு வேலை இல்லை. இப்ப புரியுதா குமாஸ்தா சிரிப்பு?

இந்தப் பெருக்கி முறை வெளிநாட்டுல இருந்து வந்ததுதான், ஆனா இங்க நிலைக்கிறதுக்குப் பட்ட பாடு கொஞ்சம் இல்ல. ஒரே மாதிரி விபத்து, ஒரே மாதிரி குடும்பம், ஒரு ஊர் ஜட்ஜ் 2 லட்சம்பார், அடுத்த ஊர் ஜட்ஜ் 5 லட்சம்பார். சூசம்மா தாமஸ் வழக்குல பெருக்கி முறைதான் சரின்னு உச்சநீதிமன்றம் சொன்னது. 1994-ல பார்லிமெண்ட்டும் ஒரு அட்டவணை போட்டுச்சு, யார் தப்புன்னு நிரூபிக்காமலே வாங்குற தொகைக்கு. அந்த அட்டவணையில கணக்கே தப்பு! வருஷம் 3,000 ரூபாய் வருமானம், பெருக்கி 15-ன்னா எவ்வளவு? நம்ம வீட்டு மூணாங்கிளாஸ் பொண்ணு 45,000-ன்னு சொல்லும். சட்டப் புத்தகத்துல 60,000-ன்னு அச்சடிச்சிருந்தாங்க. 1996-ல உச்சநீதிமன்றமே இதை எடுத்துக்காட்டி, இந்த அட்டவணையை அப்படியே நம்பாதீங்கன்னு எழுதிச்சு. கடைசியா 2009-ல நீதிபதி ரவீந்திரன் எழுதின சரளா வர்மா தீர்ப்புதான் எந்த வயசுக்கு எந்தப் பெருக்கி, எத்தனை பேருக்கு எவ்வளவு கழிவுன்னு ஒரே பட்டியலாப் போட்டுச்சு. 2017-ல அஞ்சு நீதிபதிகள் பிரணய் சேத்தி வழக்குல அதை உறுதி பண்ணி, வருங்கால வருமானத்தைச் சேர்த்தாங்க. கோர்ட் வராந்தாவுல "சரளா வர்மா என்ன சொல்லுது?"ன்னு வக்கீல்கள் பேசிக்கிறதைக் கேட்டா, ஏதோ பக்கத்து வீட்டு அக்காவைப் பத்திப் பேசுறாங்கன்னு நினைச்சுக்காதீங்க.

சாவுக்கு இப்படி. உயிர் பிழைச்சு கை கால் போனவங்க கேஸ்தான் இன்னும் சிக்கல். டாக்டர் 45 சதவீதம் ஊனம்னு சர்டிபிகேட் கொடுப்பார். ஆனா வருமானம் 45 சதவீதம்தான் போச்சா? ஒரு தச்சருக்கு இடது கை போனா தொழிலே போச்சு. ஆபீஸ் கிளார்க்குக்குப் போனா வேலை ஓரளவு ஓடும். ஊனம் ஒண்ணு, இழப்பு வேற வேற. 2010-ல ராஜ்குமார் வழக்குல இதை விலாவாரியா எழுதியிருக்காங்க. கேக்குறவங்களுக்கெல்லாம் தாராளமா சதவீதம் போட்டுக் கொடுக்கிற டாக்டர்களுக்கும் அதுலயே ஒரு கொட்டு விழுந்திருக்கு.

எனக்கு ரொம்ப உறுத்தினது குடும்பத் தலைவிகள் கணக்கு. வேலைக்குப் போகாத மனைவி செத்தா வருமானம் என்ன? 1994 அட்டவணைப்படி, புருஷன் சம்பாத்தியத்துல மூணுல ஒரு பங்கு. அதாவது கலெக்டர் வீட்டு அம்மா சமைச்ச சாம்பாருக்கு ஒரு விலை, கண்டக்டர் வீட்டு அம்மா சமைச்ச சாம்பாருக்கு வேற விலை! ஜாம்ஷெட்பூர்ல 1989-ல நடந்த தீ விபத்து வழக்குல, 2001-ல உச்சநீதிமன்றம் இல்லத்தரசியோட உழைப்புக்கு மாசம் 3,000 ரூபாய்னு வச்சது. 2021 ஜனவரியில வந்த தீர்ப்புல நீதிபதி ரமணா ஒரு சர்வேயை எடுத்துப் போட்டார். சம்பளம் இல்லாத வீட்டு வேலைக்கு ஒரு நாளைக்குப் பெண்கள் 299 நிமிஷம் செலவு பண்றாங்க, ஆண்கள் 97 நிமிஷம். வீட்டுல இருக்கிறவங்க "சும்மா" இருக்காங்கன்னு சொல்ற வழக்கத்துக்கு அவர் அங்கேயே முற்றுப்புள்ளி வச்சார். நம்ம வீடுகள்ல வச்சாச்சான்னு கேக்காதீங்க.

சரி, தீர்ப்பு வர்ற வரைக்கும் காத்திருக்கணுமா? அங்கதான் செட்டில்மெண்ட் வருது. அமெரிக்காவுல இது பெரிய பிசினஸ். டிவியில வக்கீல் விளம்பரம் (1977-ல அங்க சுப்ரீம் கோர்ட்டே விளம்பரத்துக்கு வழி விட்டுடுச்சு), ஜெயிச்சா மூணுல ஒரு பங்கு ஃபீஸ், தோத்தா ஒண்ணும் வேண்டாம். நம்ம ஊர் குமாஸ்தா வேலையைப் பாக்க அங்க பாராலீகல்னு படிச்ச ஆளுங்க. இந்த பில்லு, இந்தச் சம்பளம், இவ்வளவு கொடுங்கன்னு இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குக் கடிதம் போடுவாங்க. முக்கால்வாசி கேஸ் கோர்ட் வாசலையே மிதிக்காம முடிஞ்சிடும். இங்க வக்கீல் பங்கு பேசக்கூடாது. 1954-லயே உச்சநீதிமன்றம் அதை ஒழுங்கீனம்னு சொல்லிடுச்சு, விளம்பரமும் கூடாது. காகிதத்துல அப்படித்தான். ஆஸ்பத்திரி வாசல்ல வக்காலத்து ஃபாரத்தோட நிக்கிற புரோக்கர்களைப் பார்த்தவங்களுக்கு மீதி தெரியும். உத்தரப் பிரதேசத்துல போலி கிளெய்ம் கேஸ்களை விசாரிக்க 2015-ல ஹைகோர்ட் தனிப்படையே அமைக்க வேண்டியிருந்தது. என்னைக் கேட்டா, பங்கை ஒளிச்சு வாங்குறதை விட, இவ்வளவுதான்னு சட்டமா ஒரு உச்சவரம்பு வச்சிடலாம்.

இங்க செட்டில்மெண்ட் நடக்கிற இடம் லோக் அதாலத். 1982-ல குஜராத்துல ஆரம்பிச்சது, 1995 நவம்பர்ல சட்டபூர்வமாச்சு. ஒரு பக்கம் மனுதாரர், இன்னொரு பக்கம் இன்ஷூரன்ஸ் ஆபீஸர், நடுவுல ஜட்ஜ். 12 லட்சம் கேட்டா 6-ல ஆரம்பிப்பாங்க, 8-லயோ 9-லயோ முடியும். அங்க ஒத்துக்கிட்டா அப்பீல் கிடையாது, பணம் சீக்கிரம் வரும். 12 வரவேண்டிய இடத்துல 8-க்குக் கையெழுத்துப் போடலாமான்னா, குமாஸ்தா பதில் நேரா இருந்தது: "சார், வயித்துல பசி இருக்கிறவங்களுக்கு அடுத்த மாச 8 லட்சம், அஞ்சு வருஷம் கழிச்சு வர்ற 12 லட்சத்தை விடப் பெருசு. அது அந்த ஆபீஸருக்கும் தெரியும்." வட்டி உண்டுதான், 7.5 சதவீதம், 9 சதவீதம்னு போடுறாங்க. ஆனா கந்துவட்டிக்காரன் அதைவிட அதிகமா வாங்குறானே.

பஸ் ஜப்தி ஏன்னு இப்ப சொல்லிடறேன். அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் வெளியில இன்ஷூரன்ஸ் எடுக்க வேண்டியதில்லை, தனியா நிதி வச்சு அவங்களே கட்டிக்கலாம்னு சட்டம் விலக்கு கொடுத்திருக்கு. கழகத்துக்கு எப்பவும் பணமுடை. தீர்ப்பு வந்தும் பணம் வராது. அப்புறம் நிறைவேற்று மனு போட்டு, கையில் அகப்படுற சொத்தை ஜப்தி பண்ணச் சொல்லணும். ஓடுற பஸ்ஸை விட சுலபமா அகப்படுற சொத்து எது? பஸ் நின்னதும் ஆபீஸ்ல ஃபைல் நகரும்.

பணம் வந்த பிறகும் கதை முடியல. மொத்தத்தையும் கையில் கொடுத்தா புரோக்கரும் சொந்தக்காரங்களும் பிச்சுத் தின்னுடுவாங்கன்னு, மைனர் குழந்தைகள், எழுதப் படிக்கத் தெரியாதவங்க பணத்தை பேங்க்ல டெபாசிட்டா போடச் சொல்ற வழக்கம் குஜராத் ஹைகோர்ட்ல ஆரம்பிச்சு, சூசம்மா தாமஸ் தீர்ப்பு மூலமா நாடு முழுக்க வந்தது. பிள்ளைக்கு 18 ஆனதும் கோர்ட்டுல மனு போட்டு எடுத்துக்கணும். அப்பா முகமே ஞாபகம் இல்லாத பசங்க காலேஜ் ஃபீஸ் கட்ட பழைய கேஸ் நம்பரைத் தேடிக்கிட்டு வருவாங்களாம். நம்ம ஆள் டைரிகளைப் பரண்ல அடுக்கி வச்சிருக்கிறது அதுக்குத்தான்.

கடைசியா உபயோகமான ஒரு சங்கதி. 1994-ல மனு போடுற கெடுவையே எடுத்துட்டாங்க, எப்ப வேணா போடலாம்னு இருந்துச்சு. 2019 திருத்தம் அதைத் திரும்பக் கொண்டு வந்து, 2022 ஏப்ரல் 1-ல இருந்து விபத்து நடந்த 6 மாசத்துக்குள்ள மனு போடணும்னு ஆக்கிடுச்சு. அதை எதிர்த்து உச்சநீதிமன்றம் வரைக்கும் வழக்கு போயிருக்கு. அது எப்படிப் போனாலும், தெரிஞ்சவங்க வீட்டுல இப்படி ஒண்ணு நடந்தா பதினாறாம் நாள் முடிஞ்சதும் எஃப்.ஐ.ஆர். நகலையும் ஸ்கூல் சர்டிபிகேட்டையும் எடுத்து வைக்கச் சொல்லுங்க. இடிச்ச வண்டி எதுன்னே தெரியலைன்னாலும் விட்டுடாதீங்க. அதே 2022 ஏப்ரல்ல இருந்து, அடிச்சுட்டு ஓடிப்போன வண்டி கேஸுக்கு அரசு திட்டத்துல சாவுக்கு 2 லட்சம், பலத்த காயத்துக்கு 50,000 உண்டு. அதுக்கு முன்னாடி அது 25,000-ம் 12,500-ம்தான். இப்படி ஒண்ணு இருக்கிறதே தெரியாம விட்டவங்கதான் ஜாஸ்தின்னு குமாஸ்தா சொல்றார்.